முதலில் எழுந்து நின்றவள்

நாம் செய்யாத பாவத்துக்கும் நாம்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று எனக்கு முதல்முதலாகச் சொன்னவள் என் மகள் ஜெசிந்தா. போன வருஷம் சாம்பல் புதனுக்கு மறுநாள். நான் அடுப்படியில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். கிரைண்டர் சத்தத்தில் காது கேட்காதென்று சுவிட்சை அணைத்துவிட்டு நின்று சொன்னாள். மாவு பாதியில் நிற்கிறதே என்றுதான் எனக்கு அப்போது கவலை.

கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி உட்கார் தாயி, வெயில் உன் மேலேயே விழுகிறது. டவுனுக்கா? நானும் டவுனுக்குத்தான். பதினோரு மணிக்கு ஆர்.டி.ஓ. ஆபீசில் விசாரணை, என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்படிப் பார்க்காதே, நான் யார் குடியையும் கெடுத்தவளில்லை. ஒரே ஒரு வரி சொல்ல வேண்டும். 'அன்றைக்கு நான் மறுப்புச் சொல்ல எழுந்திருக்கவில்லை' என்று ஒரு வரி. என் மகள் அந்த ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டிருப்பாள். சொல்லிவிட்டேனென்றால் என்னோடு இதே பஸ்ஸில் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். ஒன்பது மாசமாக அவள் என் வீட்டுப் படியை மிதிக்கவில்லை.

ஜெசிந்தா எனக்கு மூன்றாவது. மேலே இரண்டும் பையன்கள். இருதயராஜ் திருப்பூரில் இருக்கிறான், பெலிக்ஸ் குவைத்தில். இவள் ஒருத்திதான் படிப்பு படிப்பு என்று போனாள். காலேஜில் தத்துவம் சொல்லிக்கொடுக்கிறாள். நான் எட்டாவதோடு நின்றவள், எனக்கு என்ன தெரியும்? "அதுல என்னடி சொல்லிக்குடுப்பே?" என்று கேட்டேன். "எது நியாயம், எது அநியாயம், அதை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு" என்றாள். "அதுக்குத்தான் பத்துக் கட்டளை இருக்கே" என்றேன். சிரித்தாள். "பத்துக் கட்டளையில தூம்பாவைப் பத்தி ஒண்ணும் இல்லையேம்மா."

தூம்பா என்றால் உனக்குத் தெரியாதோ? நீ வேதக்காரப் பிள்ளை இல்லை போலிருக்கிறது. செத்தவர்களின் பெட்டியை வைத்துக் கல்லறைக்குத் தள்ளிக்கொண்டு போகிற கோயில் வண்டி. எங்கள் கோயிலில் இரண்டு தூம்பா. பெரியது தேக்கு, நாலு மூலையிலும் இறக்கை விரித்த சம்மனசுச் சிலை, ரப்பர் டயர். அது எங்கள் தெருவுக்கு. சின்னது இரும்பு. கோயிலுக்குப் பின்னால், தகரக் கொட்டகையில் நிற்கும். அது கீழத்தெருவுக்கு. பெரியது தேரடி வழியாக மெயின் தெருவில் போகும். சின்னது கண்மாய்க்கரை வழியாகப் போகும். யார் வைத்த வழக்கம் என்று யாருக்கும் தெரியாது. நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோதே அப்படித்தான். ஒரே சாமி, ஒரே பூசை, ஒரே நற்கருணை. வண்டி மட்டும் இரண்டு. எனக்கு அது கண்ணை உறுத்தினதே இல்லை. வீட்டில் இரண்டு குடை இருந்தால் யாராவது ஏன் என்று கேட்பார்களா?

அவள்தான் கேட்டாள். அன்றைக்குக் கிரைண்டரை அணைத்துவிட்டு.

"அம்மா, நம்ம தாத்தா பக்கத்துக் காட்டுக்காரன் நிலத்துல ஒரு கிணறு வெட்டிக்கிட்டார்னு வை. அவனைத் தண்ணி எடுக்க விடலை. தாத்தா செத்துட்டார். அந்த ஆளும் செத்துட்டான். இப்ப அந்தக் கிணத்துத் தண்ணியில நீ சோறு பொங்குறே. அவன் பேத்தி குடத்தைத் தூக்கிட்டு ரெண்டு மைல் நடக்குறா. நீ என்ன சொல்லுவே?"

"நான் வெட்டலையேடி."

"அதைத்தாம்மா உலகம் முழுக்கப் பேசிக்கிட்டிருக்காங்க. பெரிய பெரிய ஆளுங்க. வெட்டினவன்தான் குற்றவாளி, பேரன் பேத்தியை விடுங்கன்னு ஒரு பக்கம். தண்ணி குடிக்கிற வரைக்கும் உனக்கும் பொறுப்பு இருக்குன்னு இன்னொரு பக்கம். இன்னும் முடியலை அந்தச் சண்டை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சம்பளம் வாங்கிக்கொண்டு இதற்கா சண்டை போடுகிறார்கள்? நான் சொன்னேன்: "நான் பாவசங்கீர்த்தனம் பண்ணப் போறேன்னு வை. சாமி, எங்க மாமனார் ஒரு கிணறு வெட்டினாருன்னு சொன்னா, சாமியார் என்ன அபராதம் குடுப்பார்? எழுந்து போம்மான்னுதான் சொல்லுவார். அவரவர் பாவம் அவரவருக்கு."

"நல்ல கேள்விம்மா. இதை என் கிளாஸ்ல கேக்குறேன்" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அப்புறம் மெதுவாகச் சொன்னாள், "ஆனா செய்ய வேண்டியதைச் செய்யாம விட்டதும் பாவம்னு ஞாயித்துக்கிழமை தோறும் நெஞ்சுல தட்டிக்கிறியே, அதுக்கு யாருகிட்டே அபராதம் கேப்பே?"

என் கொழுந்தன் வியாகுலம் அப்போது வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர்தான் கோயில் நிர்வாகம் பார்க்கிற எங்கள் பங்குப் பேரவைக்குச் செயலாளர். "மதினி, உங்க மக காலேஜ்ல பாடம் நடத்துறாளா, நம்ம மேல குற்றப்பத்திரிகை எழுதுறாளா?" என்றார். "ரெண்டும் ஒரே வேலைதான் சித்தப்பா" என்றாள் இவள். அப்படிப் பேசும் அவளுக்கு வாய். யாரிடமிருந்து வந்ததோ, என்னிடமிருந்து இல்லை. நான் யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னவளில்லை. அந்த ஊரில் யாரையும் கேட்டுப் பார்.

ஞானப்பூவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் கீழத்தெரு. என் வீட்டுக்காரர் பக்கவாதத்தில் இரண்டு வருஷம் கிடந்தார். என் மருமகள்கள் வாசற்படியில் நின்றே "மாமா எப்படி இருக்கீங்க" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அள்ளிப் போட்டதும் கழுவிவிட்டதும் புரட்டிப் படுக்க வைத்ததும் ஞானப்பூதான். முதுகில் ஒரு புண் வரவில்லை, டாக்டரே ஆச்சரியப்பட்டார். அவளை நான் வேலைக்காரியாக நடத்தினதே இல்லை தாயி. அவளுக்கென்றே ஒரு நல்ல கண்ணாடி டம்ளர் வாங்கி வைத்திருந்தேன். பூப்போட்டது. அதில் வேறு யாருக்கும் காப்பி கொடுக்க மாட்டேன், பேரப்பிள்ளைகள் கேட்டால்கூடக் கொடுக்க மாட்டேன். மாடத்தில் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும். அவளும் கொல்லைப் பக்கமாகவே வந்துவிடுவாள், அதுதான் அவளுக்கு வசதி.

அவர் இறந்தபோது பெரிய தூம்பாவில்தான் போனார். ஞானப்பூ தேரடி முக்கில் நின்று பார்த்துவிட்டு, அப்புறம் கொல்லைப் பக்கம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே சொன்னாள், "ஐயாவை ரெண்டு வருசம் நான் ஒருத்தி தூக்கினேம்மா. இன்னிக்கு ஆறு பேரு தள்ளுறானுக, அப்பவும் மூச்சு வாங்குது." அந்த இழவிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படி ஒரு மனுஷி.

போன ஐப்பசியில் அவள் போய்ச் சேர்ந்தாள். செவ்வாய்க்கிழமை காலையில். மஞ்சள்காமாலை. மாலை ஐந்து மணிக்கு அடக்கம். ஜெசிந்தா கேள்விப்பட்டு முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். சின்ன வயசில் அவளையும் குளிப்பாட்டித் தலைவாரி விட்டவள் ஞானப்பூதானே.

பத்து மணி இருக்கும். ஞானப்பூ மகன் தைனேஸ் வந்தான். மில் வேன் ஓட்டுகிறான், நல்ல பையன். முதல்முறையாக முன்வாசல் வழியாக வந்தான். எனக்குக் கொஞ்சம் திக்கென்றது, ஆனால் துக்க வீட்டுப் பையன், ஒன்றும் சொல்லவில்லை.

"அம்மா, எங்க அம்மாவைப் பெரிய தூம்பாவுல கொண்டுபோகணும். மெயின் தெரு வழியா. சாமியார்கிட்ட கேட்டேன். மதியம் கூட்டம் போடுறாராம்."

"அதுக்கென்னப்பா" என்றேன். அப்படித்தான் சொன்னேன். மனசிலிருந்து சொன்னேன்.

"உங்க தெருவுல ஒரு தலைக்கட்டு சரின்னு எழுந்து நின்னாப் போதும்னு சாமி சொல்றார். நீங்க நிப்பீங்களாம்மா?"

நான் அவன் தலையில் கை வைத்தேன். "நான் ஜெபிக்கிறேன்ப்பா" என்றேன்.

அவன் தலை குனிந்தபடியே நின்றான். "ஜெபிச்சுட்டு நிப்பீங்களா?"

"ஆகட்டும்" என்றேன். ஜெசிந்தா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் போனதும் என்னைக் கட்டிக்கொண்டாள். இத்தனை வயசுக்கு அப்புறம் அவள் என்னைக் கட்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

அது அக்டோபர் தாயி, எங்களுக்குச் செபமாலை மாசம். பெலிக்ஸுக்கு விசா கிடைத்ததிலிருந்து எனக்கு ஒரு நேர்ச்சை. அந்த மாசம் முழுக்க ஒரு நாளைக்கு நூற்று ஐம்பத்து மூன்று மணி. ஒரு மணி விடமாட்டேன். ஒரு தேவரகசியத்துக்குப் பத்து மணி, ஆரம்பித்தால் பத்தும் முடியாமல் வாயைத் திறக்க மாட்டேன், யார் கூப்பிட்டாலும் சரி. பால்காரன் வந்து கத்திவிட்டுப் போயிருக்கிறான். கறந்த பால் வேண்டாம், கடைப்பால் போதும் என்று இருந்துவிடுவேன். சாமியோடு பேசிக்கொண்டிருக்கும்போது பாதியில் எழுந்து போகிறது மரியாதையா?

மதியம் கோயில் மண்டபத்தில் கூட்டத்துக்குப் போனேன். தலைக்கட்டுக்கு ஒருவர், நாற்பது பேர் இருப்போம். பெண்பிள்ளை என்று நானும் இன்னும் இரண்டு பேரும். முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். ஜெசிந்தா வாசல் தூணோரம் நின்றாள். கீழத்தெருக்காரர்கள் வெளியே வேப்பமரத்தடியில். எனக்கு ஒரே யோசனை. எப்படி எழுந்திருப்பேன், எல்லோரும் எப்படிப் பார்ப்பார்கள், வியாகுலம் என்ன சொல்வார் என்று. தைரியம் கொடு தாயே என்று செபமாலையை எடுத்தேன். செவ்வாய்க்கிழமை, துக்க தேவரகசியம். நாலாவதில் இருந்தேன். ஆண்டவர் சிலுவை சுமந்து போகிறது. எனக்கு எப்போதும் கண்ணீர் வருகிற இடம் அது.

சாமியார் புதுசு. பிஞ்சு முகம். "சம்மதம்னு ஒரே ஒரு தலைக்கட்டு எழுந்து நில்லுங்க. வண்டியை நான் வெளியே எடுத்துடுறேன். பழி என் மேல இருக்கட்டும்" என்றார்.

நான் மூன்றாவது மணியில் இருந்தேன்.

எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இந்தப் பத்தை முடித்துவிட்டு எழுந்துவிடலாம் என்று நினைத்தேன். அவர் காத்திருந்தார். ஐந்து, ஆறு. யாரோ இருமினார்கள். ஜெசிந்தா தூணை விட்டு ஒரு அடி முன்னால் வந்ததைப் பார்த்தேன். ஏழு. நான் கண்ணை மூடிக்கொண்டேன், பராக்கு வரக்கூடாதென்று. எட்டு, ஒன்பது. சாமியார் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். பத்து. திரித்துவப் புகழ் சொன்னேன், சிலுவையை முத்தி செய்தேன், முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

நின்றுவிட்டேன் தாயி. நான் நின்றேன்.

சாமியார் முகத்தைப் பார்த்தேன். வெளுத்துப் போயிருந்தது. "அம்மா... நீங்களா?" என்றார்.

அதற்குள் பின்னால் ஒரு குரல், "அந்தம்மாவே எழுந்துட்டாங்கடா." நாற்காலிகள் கரகரவென்று நகர்ந்தன. திரும்பிப் பார்த்தால் ஒவ்வொருவராக எழுந்து நிற்கிறார்கள். வியாகுலம் எழுதிக்கொண்டே எண்ணுகிறார். எனக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. மாதா எவ்வளவு சீக்கிரம் கேட்டுவிட்டாள் என்று.

அப்புறம்தான் தெரிந்தது. நான் கண்ணை மூடியிருந்த நேரத்தில் சாமியார் கேள்வியை மாற்றிவிட்டார். சம்மதம் என்று யாரும் எழவில்லை. சரி, மறுப்பு இருக்கிறவர்களாவது நில்லுங்கள், யாருமே நிற்காவிட்டால் அதையே சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன் என்றிருக்கிறார். யாரும் நிற்கவில்லையாம். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, முதல் ஆளாக நிற்க வெட்கப்பட்டுக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்களாம். சாமியார் கையை எடுத்துக் கும்பிட்டு, முடித்துக்கொள்ள வாயைத் திறந்தாராம். அப்போதுதான் நான் எழுந்தேன்.

உட்கார்ந்தே இருந்திருந்தால் போதுமாயிருந்தது. அதை நினைத்தால்தான்.

"சாமி..." என்று நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். வியாகுலம் நாற்காலியை இழுத்துப் போட்டு என் தோளைப் பிடித்து, "எழுதிட்டேன் மதினி, உக்காருங்க, முழங்கால் வலிக்கும்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். நோட்டில் மையால் எழுதியாகிவிட்டது, என் பேர்தான் முதல் பேர். அடித்துத் திருத்தச் சொன்னால் அவருக்கு முப்பது பேர் முன்னால் அவமானம். நான் உட்கார்ந்துவிட்டேன். வாசல் பக்கம் பார்த்தேன். ஜெசிந்தா அங்கே இல்லை.

மாலையில் இரும்பு வண்டி கிறீச் கிறீச்சென்று கண்மாய்க்கரையில் போவது என் கொல்லை வரைக்கும் கேட்டது. அவள் அதன் பின்னால் நடந்து போயிருக்கிறாள். நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவேன்? வீட்டில் முழங்காலில் நின்று ஞானப்பூவின் ஆத்துமத்துக்காக மீதி மணிகளைச் சொன்னேன். அன்றைக்கும் நூற்று ஐம்பத்து மூன்று. ஒன்றுகூடக் குறையவில்லை.

இருதயராஜ் திருப்பூரிலிருந்து போன் பண்ணினான். "அம்மா, கேள்விப்பட்டேன். அப்பா இருந்திருந்தா பெருமைப்பட்டிருப்பார்." நான் இல்லையென்று சொல்லவில்லை. போனில் எப்படி விளக்குவது? தெருவில் எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள். சவேரியார் திருநாளில் முதல் மெழுகுதிரியை என் கையில் கொடுத்து ஏற்றச் சொன்னார்கள். நாற்பது வருஷத்தில் பெண்பிள்ளை கையில் கொடுத்தது அதுதான் முதல்முறை. ஏற்றினேன். சபையில் வேண்டாமென்றால் அது வேறு பேச்சாகிவிடும்.

ஜெசிந்தா மட்டும் ஒரு மாசம் கழித்துத்தான் போனில் பேசினாள். நடந்ததெல்லாம் சொன்னேன். நம்பினாள். என் மகள் என்னை நம்பினாள், அதைச் சொல்ல வேண்டும். "தெரியும்மா. நீ வேணும்னு செய்ய மாட்டே" என்றாள்.

"அப்ப என்னடி? சாமி நெஞ்சைத்தானே பாக்குறார்? நினைப்புதானே முக்கியம்?"

"அதுக்கும் ரெண்டு கட்சி இருக்கும்மா" என்றாள். குரல் களைத்துப்போயிருந்தது. "நினைப்புதான் எல்லாம்னு ஒரு கட்சி, நடந்ததுதான் எல்லாம்னு ஒரு கட்சி. பத்து வருஷமா நான் ரெண்டு பக்கமும் நின்னு பாடம் நடத்துறேன். ஆனா நீ என்ன நினைச்சேங்கிறது உனக்கும் சாமிக்கும் நடுவுல. நீ எழுந்ததுல என்ன ஆச்சுங்கிறது ஞானப்பூம்மாவுக்கு."

நான் அழுதேன். அவளும் அழுதாளோ என்னவோ, சத்தம் வரவில்லை.

"தப்பா எழுந்ததை நான் என்னைக்கோ விட்டுட்டேன்ம்மா. அன்னைக்கு உக்காந்தே பாரு, அதைத்தான் என்னால தாங்க முடியலை. அதுக்கு அப்புறம் தினமும் உக்காந்துக்கிட்டே இருக்கியே, அதையும்."

தைனேஸ் மனு கொடுத்துவிட்டான். ஒரே தூம்பா, ஒரே வழி என்று எழுதித் தரச் சொல்லி. ஆர்.டி.ஓ. விசாரிக்கிறார். வியாகுலம் அந்த நோட்டைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். "பாருங்க ஐயா, அந்த அம்மாவோட புருஷனைப் பாத்துக்கிட்டதே செத்துப்போனவங்கதான். அவங்களே முதல் ஆளா மறுத்திருக்காங்கன்னா, இது பகை இல்லை ஐயா, வழக்கம்" என்று. ஆர்.டி.ஓ. அம்மா அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். இந்த வழக்கே என் பேரில்தான் நிற்கிறது என்கிறாள் ஜெசிந்தா. என் பேரை நான் எடுத்துவிட்டால் மற்றது சரியும் என்கிறாள்.

சரியட்டும், எனக்கென்ன? ஆனால் நீயே யோசித்துப் பார். என்னைப் பார்த்துத்தான் அந்த முப்பது பேரும் எழுந்தார்கள். இப்போது நான் போய் அது தவறுதலாக எழுந்தது என்றால் அவர்கள் முகம் என்னாகும்? வியாகுலம் பொய்யர் ஆகிவிடுவார். அவர் முன்னின்றுதான் என் பேத்தியைக் கட்டிக்கொடுக்கப் பேச்சு நடக்கிறது. எனக்கும் அறுபத்தெட்டு ஆகிறது. பையன்கள் இரண்டு பேரும் வெளியூர். நாளைக்கு எனக்கு ஒன்று என்றால் அந்தத் தெருவில் ஆறு பேர் வர வேண்டுமே.

நேற்று ஜெசிந்தாவிடம் இதையும் சொன்னேன். "தைனேஸ் வருவான்ம்மா, உன்னைத் தள்ளிக்கிட்டுப் போக" என்றாள். கேலியா நிஜமா தெரியவில்லை. எனக்கு உடம்பு ஒரு மாதிரி சிலிர்த்துவிட்டது. அவனா? நல்ல பையன்தான். இருந்தாலும்.

காலையில் பூசை பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். வழியெல்லாம் அந்த ஒரு வரியைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன், உன்னிடம் பேச ஆரம்பிக்கும் வரை. வாயில் வருகிறது. உன்னிடம் இவ்வளவு சொல்லிவிட்டேன் பார், ஒரு தடங்கலும் இல்லை. ஆபீசில் வியாகுலம் எதிரில் நிற்பார். நாற்காலி இழுத்துப் போடுவார்.

அதோ, இடதுபக்கம் புளியமரத்துக்குப் பின்னால் நீலமாகத் தெரிகிறதே, அது மாதா கெபி, குகை மாதிரிக் கட்டின சின்னக் கோயில். ரொம்பப் புதுமை செய்கிற மாதா. அங்கே ஒரு ஐம்பத்து மூன்று மணி சொல்லிவிட்டு, மனசைத் திடப்படுத்திக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வந்துவிடுகிறேன். அடுத்தது ஒன்றரைக்கா? பரவாயில்லை. கவர்மெண்டு ஆபீஸ்தானே, பதினோரு மணி என்றால் பதினோரு மணிக்கா ஆரம்பிப்பார்கள்? ஜெசிந்தா காத்திருப்பாள். அவள் காத்திருக்கிற பிள்ளைதான்.

கண்டக்டரிடம் இங்கே நிறுத்தச் சொல்லேன் தாயி. என் குரல் அவ்வளவு தூரம் எடுபடாது.